ரோமம் இருக்கு, எடை எங்கே?

கேள்வி: பிளெண்டர் என்ற 3டி அனிமேஷன் மென்பொருளில் நான்கு மாதம் உழைத்து 9 விநாடி அனிமேஷன் ஒன்றைச் செய்து அனுப்பியிருக்கிறேன். சாம்பல் நிறப் பூனை ஒன்று மதில்மேல் நடந்து வந்து, கீழே குதித்து, நம்மைத் திரும்பிப் பார்க்கும். நண்பர்கள் எல்லோரும் 'சூப்பர்' என்றார்கள். ஒருவர் மட்டும் 'பொம்மை மாதிரி இருக்கு' என்றார். எந்த இடத்தில் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ரோமத்தை இன்னும் அடர்த்தியாக்கட்டுமா?

பதில்: ரோமத்தைத் தொடவே தொடாதீர்கள். தாடைக்குக் கீழே வெயில் பட்டு ஒவ்வொரு இழையாகப் பிரிகிறதே, அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அவ்வளவு அழகு. ஆனால் அந்த ஒரு நண்பரின் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. உங்கள் பூனைக்கு எடை இல்லை.

குதிக்கும் இடத்தை ஃப்ரேம் ஃப்ரேமாக, அதாவது ஒவ்வொரு தனிப்படமாக, எண்ணினேன். பூனையின் உடம்போடு ஒப்பிட்டால் மதில் சுமார் 1.2 மீட்டர் உயரம். அங்கிருந்து விழுகிற எதுவும் ஏறக்குறைய அரை விநாடியில் தரைக்கு வந்துவிடும். விநாடிக்கு 24 ஃப்ரேம் என்றால் 12 ஃப்ரேம். உங்கள் பூனை 21 ஃப்ரேம் எடுத்துக்கொள்கிறது. அதுவும் ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒரே அளவு இறங்குகிறது, லிஃப்ட் இறங்குவதுபோல. உண்மையில் விழும் உடம்பு முதல் 6 ஃப்ரேமில் கால்பங்கு தூரம்தான் கடக்கும். மிச்ச முக்கால் பங்கும் அடுத்த 6 ஃப்ரேமில்.

அப்புறம், தரையைத் தொடும் கணம். முன்பாதங்கள் முதலில் ஊன்றும், முழங்கை மடங்கும், நெஞ்சு தாழும். அப்போது இரண்டு தோள்பட்டை எலும்புகளும் முதுகுக் கோட்டுக்கு மேலே துருத்திக்கொண்டு எழ வேண்டும். பூனைக்கு அந்த எலும்பு விலாவோடு மூட்டால் பூட்டப்பட்டதில்லை, தசைகள்தான் பிடித்திருக்கின்றன. உங்கள் ரிக்கில், அதாவது பூனையை அசைக்க உள்ளே வைத்த எலும்புக்கூட்டில், அது அசையாமல் இருக்கிறது. நடையிலும் இதே குறைதான். கால்களின் வரிசை மட்டும் மிகச் சரி: இடது பின், இடது முன், வலது பின், வலது முன். பலர் தடுக்கி விழும் இடம் இது, நீங்கள் தாண்டிவிட்டீர்கள்.

சின்னதாக இரண்டு. கடைசியில் காது, தலை, கண் மூன்றும் ஒரே ஃப்ரேமில் திரும்புகின்றன. காது இரண்டு மூன்று ஃப்ரேம் முந்தட்டும். நிழல் அத்தனை கூர்மையாக விழும் வெயிலில் கண்மணி வட்டமாக இருக்கிறது. அது செங்குத்தான கீற்றாகச் சுருங்கியிருக்க வேண்டும்.

நான் கற்ற காலத்தில் ஒரு நாயைச் செய்து, வாரக்கணக்கில் ரோமத்தையே சீவிக்கொண்டிருந்தேன். மூத்தவர் ஒருவர் ரோமத்தைத் திரையில் தெரியாமல் மறைத்துவிட்டு வெறும் சாம்பல் உடலை ஓடவிட்டார். "இது நடக்கலைம்மா, மிதக்குது" என்றார். அன்றிலிருந்து எந்த விலங்கையும் ரோமம் இல்லாமல் ஓடவிட்டுப் பார்த்த பிறகே அடுத்த வேலைக்குப் போகிறேன். நீங்களும் அப்படியே பாருங்கள். அடுத்த முறை காட்டும்போது 'எப்படி இருக்கு' என்று கேட்காமல், 'எந்த இடத்தில் கண் உறுத்தியது, அங்கே நிறுத்துங்கள்' என்று கேளுங்கள். நிற்கிற ஃப்ரேம் எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும். காரணத்தை அவர் சொல்ல வேண்டியதில்லை, அதைத் தேடுவது நம் வேலை.

கேள்வி: நிஜ விலங்கின் வீடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது காப்பி அடிப்பது ஆகாதா?

பதில்: ஆகாது. ஓடும் குதிரை முன்கால்களை முன்னாலும் பின்கால்களைப் பின்னாலும் நீட்டிப் பறப்பதாகவே ஓவியர்கள் காலங்காலமாக வரைந்துவந்தார்கள். 1878-இல் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக் கலைஞர் கேமராக்களை வரிசையாக வைத்துப் படமெடுத்தார். நான்கு கால்களும் தரையை விட்டு எழுவது உண்மைதான், ஆனால் அவை வயிற்றுக்கடியில் மடங்கிச் சேரும்போது எழுகின்றன என்று அப்போதுதான் தெரிந்தது. தினமும் குதிரையைப் பார்த்தவர்களின் கண்ணுக்கே அது பிடிபடவில்லை. தயங்காமல் வீடியோவைப் பாருங்கள், முடிந்தால் நீங்களே எடுங்கள், பக்கவாட்டில் ஒன்று, எதிரிலிருந்து ஒன்று.