ஆட்டின் காலா, ஆட்டுக்காலா? ஆங்கிலத்தில் 'ஸ் போடும் இடம்

வெள்ளவத்தையில் ஓர் இறக்குமதி நிறுவனத்தில் கடிதங்கள் தயாரிக்கும் வாசகி கேட்கிறார்: "சம்பளத்துடன் கம்பனி'ஸ் கார் தரப்படும் என்று எழுதினேன், மேலதிகாரி 'ஸை வெட்டினார். மனேஜர் ரூமில் கூட்டம் என்று எழுதினேன், அதற்கு 'ஸ் போட்டுத் தந்தார். எங்கே போடுவது, எங்கே விடுவது?"

இரண்டு திருத்தமும் சரிதான். காரணம் உங்கள் தமிழிலேயே இருக்கிறது. ஆட்டின் கால் முறிந்துவிட்டது என்கிறோம். கடையில் கேட்பதோ ஆட்டுக்கால் சூப். ஆட்டின் கால் சூப் என்று ஒருவரும் கேட்பதில்லை. முன்னதில் ஒரு ஆடு கண்முன் நிற்கிறது. பின்னதில் ஆடு என்பது வெறும் வகைப்பெயர். ஆங்கிலமும் இப்படித்தான். யாருடையது என்றால் 'ஸ். என்ன வகை என்றால் சும்மா பெயர். உங்கள் கடிதத்திலுள்ள கார் ஒரு வகை வசதி. அறையோ அந்த மனேஜருடையது. மை சிஸ்டர்'ஸ் ஸ்கூல் பேக் என்பதை அக்காவின் பள்ளிக்கூடப் பை என்று சொல்லிப் பாருங்கள். 'இன்' வரும் இடத்தில் மட்டும் 'ஸ் வருகிறது.

ஊர்ப் பெயர் வந்தால் முன்னால் 'த' என்ற ஆங்கிலச் சுட்டுச்சொல் வருகிறதா என்று பாருங்கள். த கொழும்பு ஒபிஸ் சரி, த கொழும்பு'ஸ் ஒபிஸ் பிழை. கொழும்பு'ஸ் ட்ரபிக் என்னும்போது 'த' தேவையில்லை.

இனி, தமிழ்க் காது ஏமாறும் இடம். பெண்கள் விடுதி, சிறுவர் வார்டு இரண்டும் வகைதான். ஆனாலும் ஆங்கிலத்தில் விமன்'ஸ் ஹொஸ்டல், சில்ட்ரன்'ஸ் வார்ட். விமன், மென், சில்ட்ரன் மூன்றுக்கும் இப்படி யாருக்கானது என்று சொல்லும் இடங்களில் 'ஸை விடக் கூடாது. பாலும் அப்படி: பசுப்பால் கௌ'ஸ் மில்க், ஆனால் கோழி சூப் சிக்கன் சூப். உயிரோடிருக்கும் விலங்கு தருவதற்குப் பல இடங்களில் 'ஸ் வரும், கொன்று எடுப்பதற்குப் பெரும்பாலும் வராது. எனக்கு மிகவும் பிடித்த வேறுபாடு இது.

எஸ்ஸில் முடியும் பன்மைகளில் வழக்கம் இரண்டு விதமாக இருக்கிறது: சிலர் குறி போடுவார்கள், சிலர் போடமாட்டார்கள். கொழும்பில் 1900இல் தொடங்கிய லேடீஸ்' கொலிஜில் அப்பொஸ்ட்ரபி என்னும் இந்த ' குறி எஸ்ஸுக்குப் பின்னால், பெண்கள் பலர் என்பதால். பிஷப்'ஸ் கொலிஜில் எஸ்ஸுக்கு முன்னால், பிஷப் ஒருவர் என்பதால். போர்ட்ஸ் அதோரிட்டியில் அந்தக் குறியே இல்லை. நிறுவனப் பெயர் என்றால் உங்கள் விதியை வைத்துத் திருத்தாதீர்கள், அவர்கள் எழுதுகிறபடியே எழுதுங்கள்.

அப்புறம், லீவுக் கடிதம். டூ வீக்ஸ்' லீவ் என்னும்போது குறி எஸ்ஸுக்குப் பின்னால். ஒரு வாரம் மட்டும் என்றால் வன் வீக்'ஸ் லீவ், குறி முன்னால். எ டூ-வீக் கோர்ஸ் என்று எழுதினால் எஸ்ஸும் இல்லை, குறியும் இல்லை. நடுவில் ஒரு சிறு கோடு மட்டும்.