நியாயமான பயன்பாடாக இருந்தும் காணொளியை நீக்குவது எப்படி?

பின்னணியில் சில நொடிகளே பாடல் ஒலித்த காணொளியை நீக்கியது செல்லுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இத்தனை நொடி வரை எடுத்துக்கொள்ளலாம் என்ற விதி அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் எங்குமே கிடையாது. பயன்பாட்டின் நோக்கம், மூலப்படைப்பின் தன்மை, எடுத்த அளவு, சந்தையில் விளையும் பாதிப்பு ஆகிய நான்கையும் சேர்த்து எடைபோட்டே, அது நியாயமான பயன்பாடா, அதாவது உரிமையாளரின் அனுமதியில்லாமலே பயன்படுத்தச் சட்டம் இடம்தருவதா என்று நீதிமன்றம் முடிவுசெய்யும்.

2007இல் ஒரு தாய், சமையலறையில் தன் குழந்தை ஆடுவதை 29 நொடிகள் படம்பிடித்து யூடியூபில் ஏற்றினார். பின்னால் அமெரிக்கப் பாடகர் பிரின்ஸின் பாடல் ஒன்று இரைச்சலோடு இரைச்சலாகக் கேட்டது, அவ்வளவுதான். பாடலின் உரிமையை நிர்வகித்த யுனிவர்சல் இசை நிறுவனம், காணொளியை நீக்கக் கோரி யூடியூபுக்கு அறிவிப்பு அனுப்ப, அது நீக்கப்பட்டது. அந்தத் தாயின் பெயரால் லென்ஸ் வழக்கு எனப்படும் இதில், அறிவிப்பு அனுப்பும் முன் அது நியாயமான பயன்பாடா என்று உரிமையாளர் யோசித்தே ஆகவேண்டும் என்று 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. ஆனால் அது நியாயமான பயன்பாடு அல்ல என்று உரிமையாளர் உண்மையாகவே நம்பியிருந்தால், அந்த நம்பிக்கை தவறாக இருந்தாலும் பொறுப்பாக மாட்டார் என்றும் சேர்த்துக்கொண்டது. என் பார்வையில், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்த தீர்ப்பு இது.

அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டப்படி, அறிவிப்பு வந்தவுடன் நீக்கினால்தான், பயனர் செய்த மீறலுக்குப் பொறுப்பேற்பதிலிருந்து தளத்துக்குப் பாதுகாப்பு. அதனால் தளம் நியாயம் விசாரிப்பதில்லை. நீக்கியது தவறு என்று நீங்கள் தளத்துக்கு எதிர் அறிவிப்பு அனுப்பினால், உரிமையாளர் வழக்குத் தொடராதவரை, 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் தளம் காணொளியைத் திருப்பி ஏற்ற வேண்டும். அதில் உங்கள் பெயரும் முகவரியும் எதிர்த்தரப்புக்குப் போகும் என்பதால் பலர் தயங்குகிறார்கள்.