இரத்தம் கொடுத்த நாள் எது? ஹெர்பிஸ் தொற்று குறித்த கேள்வி பதில்

நாகர்கோவிலில் 26 ஆண்டுகள் ஆய்வக நுட்புநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இப்பதில்களை எழுதுகிறேன், மருத்துவன் அல்லன். ஹெர்பிஸ் என்பது உதட்டிலோ பிறப்புறுப்பிலோ கொப்புளம் உண்டாக்கும் வைரஸ் தொற்று. அதற்கான இரத்தப் பரிசோதனை அறிக்கையில் உள்ள எண்ணை எனக்கு எழுதியனுப்பியவர்களில் பலர், இரத்தம் கொடுத்த நாளை எழுத மறந்துவிட்டார்கள். அந்த நாள் தெரியாமல் எண்ணுக்குப் பொருள் இல்லை என்பதால், அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே எழுதுகிறேன்.

கேள்வி (தூத்தூர்): அண்ணே, ஆழ்கடல் தங்கல் தொழிலுக்குப் போகிறவன் நான். மார்ச் 10 அன்று கொச்சியில் கரையேறியிருந்தபோது ஆணுறை இல்லாமல் ஒரு பெண்ணோடு தொடர்பு ஏற்பட்டது. மார்ச் 28 அன்று எடுத்த ஹெர்பிஸ் ஐஜிஜி பரிசோதனையில் நெகட்டிவ் என்று வந்திருக்கிறது. ஆவணியில் கல்யாணம். இனி பயமில்லைதானே?

பதில்: அப்படிச் சொல்ல இன்னும் நாள் வரவில்லை, தம்பி. இப்பரிசோதனை வைரசைத் தேடுவதில்லை. வைரசைக் கண்ட உடல் உருவாக்கும் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது. அது அளவிடத்தக்க அளவுக்குத் திரளச் சிலருக்கு மூன்று வாரம் போதும், சிலருக்கு மூன்று மாதம் வரை ஆகும். நீங்கள் இரத்தம் கொடுத்தது 18-ஆம் நாள். ஆகவே அந்த நெகட்டிவ், மார்ச் 10-க்கு முன் உங்களுக்குப் பழைய தொற்று இருந்திருக்க வாய்ப்பு குறைவு என்பதை மட்டும் சொல்கிறது. காசு வீண் என்று நினைக்க வேண்டாம். பின்னர் வரும் முடிவை ஒப்பிட அது உதவும், அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். பன்னிரண்டு வாரம் நிறைவது ஜூன் 2. அதன்பின் எடுக்கும் பரிசோதனையை நம்பலாம். கடலில் இருக்க நேர்ந்தால் ஜூன் 30-க்குப் பிறகு, அதாவது பதினாறு வாரம் கழித்து எடுத்தாலும் ஆவணிக்கு முன்பே விடை கிடைத்துவிடும். அதுவரை எவருடனும் உறவு வேண்டாம். எச்ஐவி, சிபிலிஸ் ஆகியவற்றுக்கும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்; எச்ஐவிக்கு அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையத்தில் கட்டணம் இல்லை.

கேள்வி (மார்த்தாண்டம்): எனக்கு ஐஜிஎம் பாசிட்டிவ், ஐஜிஜி நெகட்டிவ். புதிய தொற்று என்று ஆய்வகத்தில் சொன்னார்கள். அப்படியானால் என் மனைவியிடமிருந்துதானே வந்திருக்க வேண்டும்?

பதில்: இந்தத் தாளை வைத்துக்கொண்டு வீட்டில் ஒரு வார்த்தையும் பேசிவிடாதீர்கள். ஐஜிஎம் என்பது தொற்றின் தொடக்கத்தில் உருவாகும் எதிர்ப்பொருள். ஆனால் ஹெர்பிசைப் பொறுத்தவரை அது, முதல் வகையையும் (பெரும்பாலும் வாயருகே வருவது) இரண்டாம் வகையையும் (பெரும்பாலும் பிறப்புறுப்பில் வருவது) நம்பகமாகப் பிரித்துக் காட்டாது. பழைய தொற்று மீண்டும் தலைதூக்கும்போதும் பாசிட்டிவ் ஆகும். தொற்றே இல்லாதவருக்கும் ஆகும். என்னைக் கேட்டால் அதைப் பரிசோதனைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம். வகை பிரிக்கும் ஐஜிஜி மட்டும் பன்னிரண்டு வாரம் கழித்துப் பாருங்கள்.

கேள்வி (தக்கலை): எந்த அறிகுறியும் இல்லை. இரண்டாம் வகைக்கு ஐஜிஜி 1.6 என்று வந்து, பாசிட்டிவ் என்று குறித்திருக்கிறார்கள்.

பதில்: பெரும்பாலான கருவிகளில் 1.1-க்கு மேல் வந்தால் பாசிட்டிவ் என்று அச்சாகும். ஆனால் 3-க்குக் கீழுள்ள எண்கள் பல பொய்யாகப் போவதுண்டு. அதனால்தான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், இத்தகைய முடிவை வேறொரு முறையால் உறுதிசெய்யச் சொல்கிறது. அதே ஆய்வகத்தில் அதே கருவியில் மறுபடி கொடுப்பதால் அது உறுதியாகாது.

கேள்வி (குலசேகரம்): விடுதிக் கழிப்பறை, குளத்துக் குளியல், பிறர் துண்டு இவற்றால் பரவுமா?

பதில்: இல்லை. தோலோடு தோல் உரசினால்தான் பரவும்.

கேள்வி (கருங்கல்): இடுப்பருகே கொப்புளங்கள். அம்மா அக்கி என்கிறார். காவி குழைத்து எழுதினால் போதும் என்கிறார்.

பதில்: அக்கி வேறு வைரஸ், சின்னம்மை வந்து போனபின் நரம்பில் ஒளிந்திருப்பது. அது பெரும்பாலும் உடலின் ஒரே பக்கத்தில் பட்டைபோல் படரும். எது என்று கண்ணால் தீர்மானிக்காமல், கொப்புளம் புதிதாக இருக்கும்போதே தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். கொப்புளத்தின் மேல்தோலை ஊசிமுனையால் மெல்லத் திறந்து, அடியிலுள்ள ஈரத்தில் பஞ்சுக்குச்சியை அழுத்திச் சுழற்றி எடுத்து, வைரசின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை பார்ப்பார்கள். கொஞ்சம் எரியும். ஆனால் இரத்தப் பரிசோதனையைப் போல் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், எந்த வைரஸ் என்பதும் தெரிந்துவிடும். காவி பூசிக்கொண்டு போனால் மாதிரி எடுப்பவர் பாடு திண்டாட்டம். பொருக்குத் தட்டியபின் போனால் வைரஸ் அகப்படாமலே போகலாம்.

கேள்வி (குளச்சல்): கணவருக்கு இரண்டாம் வகை உறுதியாகிவிட்டது, எனக்கு இல்லை. சேர்ந்து வாழ வழி உண்டா?

பதில்: உண்டு, சகோதரி. கொப்புளமோ, அது வருமுன் தோன்றும் எரிச்சலோ குறுகுறுப்போ இருக்கும் நாட்களில் உறவைத் தவிர்க்க வேண்டும். தோல் சுத்தமாகத் தெரியும் நாட்களிலும் வைரஸ் வெளிப்படக்கூடும் என்பதால் மற்ற நாட்களில் ஆணுறை வேண்டும். அது மூடாத இடமும் உண்டு, ஆகவே அபாயம் குறையுமே தவிர முழுதாக நீங்காது. இவற்றோடு, கணவர் மருத்துவர் சொற்படி வாலசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை 500 மில்லிகிராம் நாள்தோறும் எடுக்கலாம். உங்களைப் போன்ற தம்பதியரிடம் நடத்தி 2004-இல் வெளியான ஆய்வில், எட்டு மாதத்தில் தொற்றியவர்கள் மருந்தில்லாத பிரிவில் நூற்றுக்கு 3.6, மருந்துப் பிரிவில் 1.9. கருவுற்றால் முதல் வருகையிலேயே மகப்பேறு மருத்துவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாய்க்குப் புதிதாகத் தொற்றுவதுதான் குழந்தைக்கு மிக ஆபத்தானது. அந்த மாதங்களில் உறவையே தள்ளிவைப்பது நல்லது.

கேள்வி (தோவாளை): பேரன் பிறந்து பதினொரு நாள். எனக்கு அடிக்கடி உதட்டில் காய்ச்சல் கொப்புளம் வரும், இப்போதும் இருக்கிறது. குழந்தையைத் தூக்கக் கூடாதா?

பதில்: அம்மா, அது பெரும்பாலும் ஹெர்பிஸ் முதல் வகைதான், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஐம்பது வயதுக்குட்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரிடம் இருப்பது, வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரியவர்களுக்குச் சில நாள் எரிச்சலோடு போய்விடும் அதே வைரஸ், பிறந்து சில வாரமே ஆன குழந்தையின் மூளை வரை சென்று உயிரைப் பறிக்கக்கூடும். கொப்புளத்தைத் தொட நேர்ந்தால் உடனே சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். பொருக்கு உதிர்ந்து தோல் மூடும்வரை முகக்கவசம் அணியுங்கள். மடியில் போட்டுத் தாராளமாகத் தாலாட்டுங்கள், முத்தம் மட்டும் இப்போதைக்கு வேண்டாம்.