ரொட்டி, பழச்சக்கை, மரத்தூள்: எத்தனாலுக்கு எதில் தொடங்குவது?

கேள்வி: பழச்சாறு ஆலையின் சக்கை, பேக்கரியில் விற்காமல் மிஞ்சும் ரொட்டி, மரத்தூள் மூன்றும் தொடர்ந்து கிடைக்கின்றன. தானியத்தைத் தொடாமல் இவற்றிலிருந்து எரிபொருள் எத்தனால் எடுக்க முடியுமா?

பதில்: முடியும். ரொட்டியில் தொடங்குங்கள். ஆனால் ஒன்றை முதலில் விசாரியுங்கள்: அந்த ரொட்டி இப்போது கால்நடைத் தீவனமாகப் போகிறதா? போகிறதென்றால் விட்டுவிடுங்கள். அந்தத் தீவனத்துக்கு ஈடாக யாரோ தானியம் வாங்குவார்கள். நீங்கள் தவிர்க்க நினைத்தது சுற்றி வந்து நடந்துவிடும்.

ஈஸ்ட்டுக்குத் தேவை சர்க்கரை. மரத்தூளிலும் அது நிறைய உண்டு, செல்லுலோஸ் என்ற சர்க்கரைச் சங்கிலியாக, மரத்தை இறுக்கிப் பிடிக்கும் லிக்னினுக்குள் சிக்கிக் கிடக்கிறது. 160 டிகிரிக்கு மேல் நீராவியில் பிளந்து, நொதி (என்சைம்) சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். அந்தச் சூட்டில் உருவாகும் ஃபர்ஃபியூரல் என்ற வேதிப்பொருள் ஈஸ்ட்டை முடக்கும். வைக்கோலில் எத்தனால் எடுக்க ருமேனியாவில் கிளாரியன்ட் நிறுவனம் கட்டிய பெரிய ஆலையே 2023 இறுதியில் கைவிடப்பட்டது. சிறிய அளவில் இதில் இறங்காதீர்கள். காய்ச்சி வடிக்கும் கொதிகலனுக்கு மரத்தூளை எரிபொருளாக்குங்கள். வடிப்பதற்குத்தான் வெப்பம் அதிகம் செலவாகும்.

பழச்சக்கையில் சர்க்கரை தயாராக இருக்கிறது, ஆனால் தண்ணீர்தான் அதிகம். 5 சதவீதச் சர்க்கரை நீர் புளித்தால் ஆல்கஹால் எடையில் 2.5 சதவீதத்தைத் தாண்டாது. 4 சதவீதத்துக்குக் கீழே வடிப்பது விறகுக்கே கட்டுப்படியாகாது. அதனால் சக்கையைப் பிழிந்த சாற்றை ரொட்டி கரைக்கும் தண்ணீராகப் பயன்படுத்துங்கள். 100 கிலோ ரொட்டிக்கு 200 லிட்டர் சாறு என்றால் ஆல்கஹால் எடையில் 8 சதவீதத்தை ஒட்டி வரும். ரொட்டியில் ஏறக்குறைய 40 சதவீதம் ஸ்டார்ச். அதிலிருந்து மட்டும் 25 லிட்டர் எத்தனாலை எதிர்பார்க்கலாம்.

சாறு புளிப்பாக இருப்பதால் சுண்ணாம்பு சேர்த்து பி.எச். 5.5-க்கு உயர்த்திய பிறகே ஸ்டார்ச்சை உடைக்கும் நொதியான ஆல்ஃபா அமைலேஸ் போட்டு 85 டிகிரியில் கரையுங்கள். 60-க்கு ஆறியதும் பி.எச்.சை 4.5-க்கு இறக்கி, உடைந்ததைச் சர்க்கரையாக்கும் நொதியான குளுக்கோஅமைலேஸ். 32 டிகிரியில் ஈஸ்ட். பூஞ்சை பிடித்த ரொட்டி வேண்டாம்.

சாதாரண வடித்தலில் எத்தனால் எடையில் 95.6 சதவீதத்துக்கு மேல் ஏறாது. பெட்ரோலில் கலக்க வேண்டுமானால் மிச்சத் தண்ணீரை ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிம மணிகளால் உறிஞ்சி எடுக்க வேண்டும். உரிமம் கிடைக்காமல் வடிகலனை வாங்காதீர்கள்.

உரிமம் கைக்கு வந்ததும் 20 லிட்டர் டிரம்மில் சோதியுங்கள். ஈஸ்ட் போடும் முன் ஒரு கரண்டி கூழை வெள்ளைத் தட்டில் ஆறவிட்டு, ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். கருநீலமாக மாறினால் ஸ்டார்ச் இன்னும் உடையவில்லை. நொதிக்கு இன்னும் அரை மணி கொடுங்கள். அயோடினின் பழுப்பு அப்படியே நின்றால் ஈஸ்ட் போடலாம்.