தங்கை பெயரில் ஒரு கொண்டோ

கேள்வி: எனக்கு 36 வயது. எட்டு ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் கொண்டோ (தனியார் அடுக்குமாடி) நிர்வாக நிறுவனம் ஒன்றில் மேலாளராக இருக்கிறேன். கசிவு, லிஃப்ட், வாடகைத் தகராறு எல்லாம் அத்துபடி. ஊரார் சொத்தைப் பார்த்துக்கொண்டது போதும், நாமும் முதலீடு செய்வோம் என்று ஆசை. செங்காங்கில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, கட்டாயமாகக் குடியிருக்கவேண்டிய ஐந்து வருடம் முடிந்துவிட்டது. மனைவி, அம்மா, தங்கையோடு இருக்கிறேன். எல்லோரும் குடிமக்கள். என் பெயரில் இரண்டாவது வீடு என்றால் கூடுதல் முத்திரைத் தீர்வை கட்டவேண்டும். அதனால் 1.1 மில்லியன் வெள்ளிக்கு ஒரு கொண்டோவைத் தங்கை பெயரில் வாங்கி வாடகைக்கு விடலாம் என்றிருக்கிறேன். அவளுக்கு 28 வயது, 4,200 வெள்ளி சம்பளம். வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். "கையெழுத்துதானே அண்ணே, போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டாள். எந்த வட்டாரத்தில் வாங்கினால் நல்ல வாடகை வரும்?

பதில்: வட்டாரம் அப்புறம், தம்பி. "வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பேசுவோம்.

தனியார் வீடு ஒன்று தங்கையின் பெயரில் இருக்கும்வரை அவள் பிடிஓ வீட்டுக்கு, அதாவது வீவக புதிதாகக் கட்டித்தரும் வீட்டுக்கு, விண்ணப்பிக்க முடியாது. விற்ற பிறகும் 30 மாதம் காத்திருக்கவேண்டும். அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவரும் அவளோடு சேர்ந்து காத்திருக்கவேண்டியதுதான். முதல் வீடு வாங்கும் தம்பதிக்கு வருமானத்தைப் பொறுத்து 120,000 வெள்ளி வரை கிடைக்கும் மானியத்துக்கும் அதே 30 மாதத் தடை உண்டு. அவசரமாக விற்கலாம் என்றால், 2025 ஜூலை 4 முதல் வாங்கிய வீட்டை முதல் ஆண்டில் விற்றால் 16 விழுக்காடு, பிறகு 12, 8, நான்காம் ஆண்டில் 4 என்று விற்பவர் தீர்வை கட்டவேண்டும். கூட்டிப் பாருங்கள். 28 வயதில் வாங்கி, தீர்வைக்குப் பயந்து நான்கு ஆண்டு வைத்திருந்து, 30 மாதம் காத்திருந்து, பிறகு பிடிஓ போட்டு, கட்டி முடிக்க மூன்று நான்கு ஆண்டு ஆனால், சாவி கைக்கு வரும்போது அவளுக்கு 38. கல்யாணம் நிச்சயமாகும் முன்பே பிடிஓ விண்ணப்பம் போய்விடுகிற ஊர் இது. இந்தச் சங்கதியைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் யார் சொல்லப்போகிறீர்கள்?

"கையெழுத்துதானே" என்று அவள் சொன்னது உங்கள்மேல் உள்ள நம்பிக்கையில். அதற்கு என்ன விலை என்று அவளுக்குத் தெரியாது. எட்டு ஆண்டு இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்குத் தெரியாது என்றால் நான் நம்பமாட்டேன். தங்கையைக் குடிவைத்துவிட்டுத்தான் அண்ணன் தனக்கு இரண்டாவது வீடு தேடவேண்டும். பழைய பஞ்சாங்கம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அதை விடுங்கள். உங்கள் திட்டம் வங்கி வாசலையே தாண்டாது. வங்கி நிஜத்தில் என்ன வட்டி வாங்கினாலும், கடனைத் தங்கை தாங்குவாளா என்று பார்ப்பது குறைந்தது 4 விழுக்காட்டில்தான். எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து சம்பளத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 4,200 வெள்ளிக்கு அது 2,310. முப்பது ஆண்டுக் கடனாக ஏறக்குறைய 484,000 கிடைக்கும். உங்களுக்கு வேண்டியதோ 75 விழுக்காடு, அதாவது 825,000. மீதிக்கு நீங்களும் கடனில் சேரலாம் என்றால், வீட்டுக் கடன் வாங்குபவர் அந்த வீட்டின் உரிமையாளராகவும் இருக்கவேண்டும் என்பது நாணய ஆணையத்தின் விதி. உரிமையாளராகச் சேர்ந்தீர்களா, முழு விலைக்கும் உங்கள் கணக்கில் 20 விழுக்காடு தீர்வை விழும். 220,000 வெள்ளி! எதற்குப் பயந்து ஓடினீர்களோ அதுவே வந்து நிற்கும். சாதாரண முத்திரைத் தீர்வை 28,600 தனி. உங்கள் மசே நிதியையும் (மத்திய சேமநிதி) அவள் வீட்டுக்கு எடுக்கமுடியாது.

எப்படியோ பணம் புரட்டிவிட்டீர்கள் என்றே வைப்போம். வீடு உண்மையில் எனக்குத்தான் என்று எழுதிவைத்தால், நீங்கள்தான் உண்மையான உரிமையாளர். தீர்வையையும் அதற்கு மேல் 50 விழுக்காடு கூடுதல் கட்டணத்தையும் வரித்துறை கேட்கலாம். எழுதாமல் விட்டால் பத்திரப்படி வீடு அவளுடையது, வாடகைக்கு வருமான வரியும் அவள் பெயரில்தான். பத்து வருடம் கழித்து, "அது என் பணம்" என்று மாப்பிள்ளையிடம் போய் நிற்பீர்களா?

இவ்வளவுக்கும் லாபமாவது இருக்கிறதா? 3,600 வெள்ளி வாடகை என்று வையுங்கள். 825,000 கடனுக்கு 2.5 விழுக்காட்டில் தவணை 3,260. பராமரிப்புக் கட்டணம் 350. சொந்தமாகக் குடியிருக்காத வீட்டுக்குச் சொத்துவரி 12 விழுக்காட்டில் தொடங்குகிறது. ஆண்டு மதிப்பு 38,000 என்றால் வரி 5,200, மாதம் 433. இப்போதே 443 வெள்ளி கையிலிருந்து போகிறது. முகவர் தரகும், ஏர்கான் பழுதும், ஆள் இல்லாத மாதமும் இன்னும் கணக்கில் வரவில்லை.

நேர்வழி இருக்கிறது. வீவக பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். மனைவி இணை உரிமையாளரா, வெறும் குடியிருப்பவரா? குடியிருப்பவர் என்றால், ஐந்து ஆண்டு முடிந்துவிட்டதால், அவர் தன் பெயரில் மட்டும், தன் சம்பளத்தில் கடன் வாங்கி, தன் மசே நிதியில் தனியார் வீடு வாங்கலாம். அது அவருக்கு முதல் வீடு, கூடுதல் தீர்வை இல்லை. ஆனால் அது அவருடைய சொத்து, அதையும் மனதில் வையுங்கள். இணை உரிமையாளர் என்றால் அந்தக் கதவு மூடியிருக்கிறது. கூடுதல் தீர்வையைத் தவிர்க்கப் பெயரை நீக்குவதற்கு 2016 முதல் வீவக இடம் தருவதில்லை.

அப்படியானால் பங்குச்சந்தையில் ரீட் இருக்கிறது, அதாவது வாடகைச் சொத்துகளை வைத்திருக்கும் நிதியில் பங்கு. 100 யூனிட்டிலிருந்து வாங்கலாம், முத்திரைத் தீர்வைத் தொல்லை இல்லை. விலை இறங்கவும் செய்யும், அவசரத்துக்கு வைத்திருக்கும் பணத்தைப் போடாதீர்கள்.

உங்கள் தொழிலறிவு உதவப்போவது, வாங்க நினைக்கும் கட்டடத்தைச் சோதிக்கும்போதுதான். உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, கட்டணம் கட்டி, நிர்வாகக் கழகத்தின் கணக்கையும் கூட்டக் குறிப்புகளையும் பாருங்கள். சேம இருப்பு நிதி மெலிந்திருக்கிறதா? லிஃப்ட் மாற்றம், மொட்டைமாடி நீர்த்தடுப்பு, சிறப்பு வசூல் பற்றி மூன்று ஆண்டாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்களா? ஐம்பது வீட்டுக்கு நீச்சல்குளமும் இரண்டு லிஃப்ட்டும் இருந்தால் செலவைப் பங்குபோட ஆள் குறைவு. கீழ்வீட்டுக் கூரையில் கசிந்தால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை மேல்வீட்டில்தான் பழுது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் வாங்கப்போகும் வீட்டின் குளியலறையைப் பார்த்த கையோடு கீழ்வீட்டுக் கதவையும் தட்டுங்கள். நீங்கள் வேலை பார்க்கும் கொண்டோவில் மட்டும் வாங்காதீர்கள். அங்கே உரிமையாளர்களுக்கு வாடகைக்கு ஆள் பிடித்துக் கொடுத்து அங்பாவ் (அன்பளிப்புப் பண உறை) வாங்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். முகவராகப் பதியாமல் அதைச் செய்வது குற்றம்.

இந்த வாரமே தங்கையை உட்காரவைத்து, அந்த 38 வயதுக் கணக்கைக் காட்டி, கையெழுத்து வேண்டாம் என்று சொல்லுங்கள். வீவக பத்திரத்தில் மனைவியின் பெயர் எப்படி இருக்கிறது என்று பார்த்து, அவருடைய சம்பளத்தையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். வட்டாரத்தைப் பிறகு பேசலாம்.