வாசகர் கேள்வி - பதில்: கவலையை அளந்து பாருங்கள்

கேள்வி: சுற்றுச்சூழல் செய்திகளைப் படித்தாலே சோர்வாக இருக்கிறது. இந்த நிலையில் நம்பிக்கை வைப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது ஆகாதா?

பதில்: கையைக் கட்டிக்கொண்டு 'எல்லாம் சரியாகிவிடும்' என்று இருந்தால் ஏமாற்றுதான். சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஓசோன் படலத்தின் விஷயத்தில் அப்படி யாரும் இருக்கவில்லை. அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் கடுமையாகக் குறைந்திருப்பது 1985-ல் வெளியானது. ஓசோனை அழிக்கும் வாயுக்களைக் குறைக்க 1987-லேயே மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. ஃபிரிட்ஜிலும் ஸ்ப்ரே டப்பாவிலும் இருந்த குளோரோஃபுளோரோகார்பன்தான் குற்றவாளி என்று பெயர் சொல்ல முடிந்தது. நிறுத்தக் கெடு வைத்தார்கள், மாற்று வாயு கிடைத்தது, வளரும் நாடுகளுக்கு நிதியும் ஒதுக்கினார்கள். பொத்தாம்பொதுவாக 'இயற்கையைக் காப்போம்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது காகிதமாகவே கிடந்திருக்கும்.

ஆனாலும் அண்டார்டிகாவின் ஓசோன் 1980-ன் அளவுக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும் என்பதே கணிப்பு. பழைய வாயுக்களில் சிலவை நூறாண்டு அளவுக்குக் காற்றில் தங்கும். மாற்றாக வந்த ஹைட்ரோஃபுளோரோகார்பன் ஓசோனை விட்டுவைத்தது, ஆனால் பூமியைச் சூடாக்கியது. அதைக் குறைக்க 2016-ல் அதே உடன்படிக்கையில் கிகாலித் திருத்தம் வந்தது. தீர்வையும் திருத்த வேண்டிவரும் என்று எதிர்பார்த்திருப்பவருக்கு முதல் சறுக்கலில் மனம் உடையாது.

கேள்வி: தனி ஆள் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கவலைக்கு ஓர் எண் கொடுங்கள். 'தண்ணீர் வீணாகிறது' என்று புலம்புவதற்குப் பதில், சொட்டும் குழாயின் கீழே 10 நிமிடம் டம்ளரை வையுங்கள். சேர்ந்ததை 144-ஆல் பெருக்கினால் ஒரு நாள் கணக்கு. 150 மில்லி சேர்ந்திருந்தால் நாளுக்கு 21.6 லிட்டர். திருகித் திறக்கும் குழாய் என்றால் பெரும்பாலும் வாஷர் தேய்ந்திருக்கும். தண்ணீர் வரும் வால்வை முதலில் அடைத்துவிட்டு, அதே அளவு வாஷராகப் பார்த்து மாற்றுங்கள். அப்படியும் சொட்டினால் வாஷர் அமரும் விளிம்பில் கீறல் இருக்கலாம். மறுபடி வாஷர் வாங்கிப் பயனில்லை.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் மக்கு உரம் தயாரிக்க ஆரம்பித்தோம். நாற்றம் தாங்காமல் எல்லோரும் விலகிவிட்டார்கள். மறுபடி எப்படிச் சேர்ப்பது?

பதில்: 'யார் தப்பு?' என்று கேட்டுக் கூட்டத்தைத் தொடங்காதீர்கள். 'நம் உர முயற்சிக்கு 10-க்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்?' என்று கேளுங்கள். ஒருவர் 3 என்றால், 'ஏன் 1 இல்லை?' என்று கேளுங்கள். எது உருப்படியாக நடந்தது என்பதை அவரே சொல்வார். அடுத்து, '4 ஆக என்ன மாற வேண்டும்?' என்பது மட்டும் போதும். 10-க்கு உடனே தாவச் சொன்னால் மறுபடி ஓடிவிடுவார்கள்.

நாற்றத்துக்கு வருவோம். அழுகிய முட்டை வாடை என்றால் ஈரம் மிகுந்து காற்று புகவில்லை. கிளறிவிட்டுச் சருகு சேருங்கள். மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி என்றால் பச்சைக் கழிவு அதிகம். ஒரு வாளி சமையலறைக் கழிவுக்கு இரண்டு, மூன்று வாளி காய்ந்த சருகு கணக்கு. கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது. சருகுக்கு இடம் ஒதுக்காமல் தொட்டியை மட்டும் வாங்கிவைப்பதுதான் வழக்கமான கோளாறு. மூடியோடு ஒரு சருகுப் பெட்டியைத் தொட்டியின் பக்கத்திலேயே வையுங்கள். கழிவு கொட்டுகிறவரே மேலே சருகைத் தூவிவிட்டுப் போகட்டும்.