போளூர் நிலம் விற்பனைக்கு இல்லை

படிப்பு ஆலோசனை கேட்டு, பெங்களூர் அல்சூரிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்திருந்தது. அப்பாவுக்கு எஸ்.பி. ரோட்டில் மோட்டார் வைண்டிங் கடை. மகள் இரண்டாம் பியூசி, அதாவது பிளஸ் டூ முடித்து, கர்நாடகத்தின் பொது நுழைவுத் தேர்வான சிஇடி எழுதியிருக்கிறாள். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என் மேஜையில் வைத்தாள். அல்சூர் ஏரி எந்த மாதம் பச்சையாகிறது, எந்தக் கால்வாய் வழியாக நாற்றம் வருகிறது, எந்த வாரம் கூழைக்கடா வந்தது என்று மூன்று வருடக் குறிப்புகள். 2016 மார்ச்சில் அந்த ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தபோது அவளுக்கு எட்டு வயது. "ஏம்ப்பா செத்துச்சு?" என்று கேட்டிருக்கிறாள். யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

"ஏரி, பருவநிலை, அங்கே இருக்கிற ஜனங்க, மூணையும் சேர்த்துப் படிக்கணுங்கிறா மேடம். அப்படி ஒரு படிப்பு இருக்கா?" என்றார் அம்மா. அப்பாவின் கவலை வேறு. அவருடைய மைத்துனர் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மேனேஜ்மென்ட் கோட்டா சீட்டு பேசி முடித்துவிட்டார். பணத்துக்குப் போளூர் பக்கம் இருக்கும் ஒரு ஏக்கரை விற்பதாகப் பேச்சு.

முதல் பத்து நிமிடம் நானும் ஆறுதல்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நிலம் என்றதும் நிறுத்திவிட்டேன்.

சார், பிள்ளை கேட்காத படிப்புக்கு நிலத்தை விற்றால் அந்த ஏக்கர் நாலு வருஷமும் அவள் தலைமேல்தான் உட்கார்ந்திருக்கும். ஓர் அரியர் விழுந்தாலும் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் நிலத்தின் பேச்சு வரும். கம்ப்யூட்டர் சயின்ஸை நான் குறை சொல்லவில்லை. அவளே கேட்டு, மெரிட்டில் கிடைத்திருந்தால் நானே அனுப்பியிருப்பேன். இங்கே இரண்டும் இல்லை. மைத்துனர் மகன் பத்து வருடத்துக்கு முன் இதே படிப்பில் வேலைக்குப் போன கதையைச் சொல்கிறீர்கள், அது இனிமேல் படிக்கப் போகிறவளுக்கு எப்படி உத்தரவாதம் ஆகும்?

பி.எஸ்சி. விலங்கியல், தாவரவியல் பற்றி உங்களுக்கே தெரியும், தாண்டிப் போகிறேன். நான் சொன்னது பி.எஃப்.எஸ்சி., மீன்வள அறிவியல். போன் ஸ்பீக்கரில் இருந்த மைத்துனர் சிரித்தார்: "மீன் பிடிக்கவா இவ்வளவு படிக்க வெச்சீங்க?" சிரிக்கட்டும்.

மங்களூரில் 1969-இல் தொடங்கிய மீன்வளக் கல்லூரிதான் நாட்டின் முதல் மீன்வளக் கல்லூரி. அரசுப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவது, நான்கு ஆண்டுப் படிப்பு. பியூசியில் உயிரியல் இருக்க வேண்டும். சேர்க்கை சிஇடி வழியாக. பெயரைப் பார்த்துக் கடல், வலை, இறால் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. ஏரி, குளங்களைப் பற்றிய லிம்னாலஜி தனிப் பாடம். நீர் வேதியியல், மிதவை உயிரிகள், மீன் வகைப்பாடு, மீன் நோய்கள், புள்ளியியல் எல்லாம் உண்டு. பொருளாதாரமும், மீனவர்களோடு வேலை செய்யும் விரிவாக்கக் கல்வியும் அதே பட்டத்துக்குள் வருகின்றன. கடைசி ஆண்டில் வகுப்பறையை விட்டுக் களத்துக்குப் போயாக வேண்டும்.

அவளுடைய எட்டு வயதுக் கேள்விக்குப் பதிலும் அங்கேதான் இருக்கிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். மீன்கள் வாழ்வதற்கு நம் நாட்டு அளவுகோல் குறைந்தது 4. கோடையில் தண்ணீர் சூடாகும்போதே கையிருப்பு குறைகிறது. அதில் சாக்கடையும் கலந்தால், கழிவைத் தின்னும் பாக்டீரியா மிச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பருவநிலை சூடாக ஆக இது இன்னும் அடிக்கடி நடக்கும். அவள் கேட்ட நன்னீரும் பருவநிலையும் இந்த ஒரு கணக்குக்குள் வந்துவிட்டன.

ஜனங்கள்? பெங்களூர் ஏரிகளில் மீன் குத்தகை எடுப்பவர், மாட்டுக்குப் புல் அறுப்பவர், நடைப்பயிற்சிக்கு வருகிற அபார்ட்மென்ட்காரர் ஆகிய மூவருக்கும் ஒருவரை ஒருவர் ஆகாது; மூவரோடும் பேசத் தெரிந்த ஆள் வேண்டும். அல்சூர்ப் பெண்ணுக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் சரளம். சந்தைக்குப் போனால் இங்கே பேசும் உருதுவான தக்கனியும் புரியும். நல்ல ரேங்க் வாங்கிய பல பிள்ளைகளிடம் இது கிடையாது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் படிப்பின் சாய்வு உற்பத்தி பக்கம். மீனைக் காப்பதைவிட வளர்ப்பதற்கே அதிக மணிநேரம் போகும். மீன் அறுக்க வேண்டும், கை நாறும். ஏரிச் சூழலியல் பக்கம் அவள்தான் திரும்பிக்கொள்ள வேண்டும். அதற்கு முதுகலையில் நீர்ச்சூழல் மேலாண்மை என்றே ஒரு பிரிவு மும்பை மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்தில் இருக்கிறது. உள்நாட்டு நீர்நிலைகளை மட்டுமே ஆராயும் மத்திய நிறுவனம் கொல்கத்தா அருகே பாரக்பூரில் இருக்கிறது, 1947-இல் தொடங்கியது. அதன் மையம் ஒன்று நம் பெங்களூரிலேயே இருக்கிறது. இங்கேயே ஜக்கூரில் உள்ள ஏட்ரீ சூழலியல் ஆய்வு நிறுவனத்தில் பிஎச்.டி. செய்யலாம். அந்த நிறுவனத்தின் அகத்தியமலை மையம் 2011 முதல் தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறது. தன்னார்வலர்கள் போகிறார்கள், லீவில் இவளும் ஒருமுறை போய் வரட்டும்.

வருமானம் கேட்டீர்கள், சார். முதுகலைக்குப் பின் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும். ஆராய்ச்சி வேண்டாம் என்று நடுவில் தோன்றினால் மீன்வளத் துறை வேலை இருக்கிறது, வங்கிகளில் வேளாண் அதிகாரி தேர்வும் இருக்கிறது. லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு 'சுற்றுச்சூழல்' என்று பளபள பிரசுரம் தரும் தனியார் படிப்புகளுக்கும் இதே பதில்தான்: கடன் வாங்கிச் சேர்க்காதீர்கள்.

கிளம்பும்போது அப்பா கேட்டார், கம்ப்யூட்டர் சயின்ஸ், மீன்வளம் இரண்டையும் லிஸ்டில் போடலாமா என்று. தாராளமாக. ஆனால் படிப்புகளை விருப்ப வரிசையில் பதியும் ஆப்ஷன் என்ட்ரியில் எது முதலில் என்பதை அவள்தான் தட்ட வேண்டும். சிஇடி பாஸ்வேர்டு மாமாவிடம் இருக்கிறதாம். இன்று ராத்திரியே மாற்றச் சொல்லி அனுப்பினேன்.